பிறவியில் வந்ததும் ஓதி வந்ததும்



மனிதர் இயல்பிலேயே இறைநம்பிக்கையின் பக்கம் சாய்ந்தவரா, அல்லது அந்த நம்பிக்கை வளர்ப்பில் வந்து சேர்வதா? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பேசுவதற்குக் காயல்பட்டினத்தைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தெரியவில்லை. இங்கே ரஜப் மாதம் வந்தால் முப்பது நாளும் ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பை ஓதி விளக்கம் சொல்கிறார்கள். அந்தத் தொகுப்பில், அபூஹுரைரா (ரலி) வழியாக வரும் ஒரு ஹதீஸ் நம் கேள்வியை நேராகவே தொடுகிறது. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் ஃபித்ராவின் மீதே, அதாவது படைப்பின் இயல்பின் மீதே பிறக்கிறது. பிறகு அதை யூதராகவோ கிறிஸ்தவராகவோ நெருப்பை வணங்குபவராகவோ ஆக்குவது பெற்றோர்தான் என்பது அதன் கருத்து. கால்நடை ஈனும்போது குட்டி முழு உறுப்போடுதான் விழுகிறது, காதை அறுத்து அடையாளம் வைப்பவன் மனிதன் என்று ஓர் உவமையும் அதிலேயே இருக்கிறது.

இந்த ஹதீஸ் புகாரியில் எந்த இடத்தில் வருகிறது என்று கவனிக்க வேண்டும். நம்பிக்கையைப் பற்றிய பாடத்தில் தேடினால் கிடைக்காது. ஜனாஸாவின் பாடத்தில், இறந்தவர்களுக்குத் தொழுவிப்பது பற்றிப் பேசும் பகுதியில் இருக்கிறது. கருவிலிருந்து வந்து சிறிது அழுதுவிட்டு இறந்துபோன குழந்தைக்கு ஜனாஸா தொழுகை உண்டா? தகாத உறவில் பிறந்த குழந்தையானால்? இப்னு ஷிஹாப் என்ற அறிஞர், எந்தக் குழந்தையானாலும் தொழுவிக்கத்தான் வேண்டும், அது ஃபித்ராவில் பிறந்தது என்றார். மனித இயல்பைப் பற்றிய இந்தப் பெரிய கேள்வி தத்துவ மண்டபத்தில் எழவில்லை. துணியில் சுற்றிய ஒரு சின்ன உடலின் பக்கத்தில், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்களிடமிருந்து எழுந்தது. இந்தப் பொருளை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபித்ரா என்பதற்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் ஒருமித்துவிடவில்லை. அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு அப்துல் பர், 1071-இல் மறைந்தவர். குழந்தை பிறக்கும்போது அதனிடம் ஈமான் என்னும் நம்பிக்கையும் இல்லை, குஃப்ர் என்னும் மறுப்பும் இல்லை. குறையற்ற ஒரு முழுமை மட்டும் இருக்கிறது, எதையும் அறிந்துகொள்ளத் தகுதியான நிலையில் இருக்கிறது என்ற விளக்கத்தையே அவர் ஆதரித்தார். டமாஸ்கஸில் 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா இதை ஏற்கவில்லை. வெற்றுத் தகுதியென்றால் அதில் புகழ்ந்து சொல்ல என்ன இருக்கிறது, படைத்தவனை நாடும் ஒரு சாய்வே உள்ளே இருக்கிறது, தடுக்காமல் விட்டால் அது தானாக அங்கே போய்ச் சேரும் என்றார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில் நடக்கும் விவாதமும் கிட்டத்தட்ட இந்த இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்து நிற்கிறது.

இந்த ஹதீஸைச் சோதித்துப் பார்த்த ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர் பேரரசர் அக்பர். 1580-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இருபது பச்சிளங்குழந்தைகளை அவர்களுடைய தாய்மாரிடமிருந்து பணம் கொடுத்து வாங்கி, ஆள்நடமாட்டம் இல்லாத ஒரு வீட்டில் வைத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். பாலூட்டும் செவிலிகளும் காவலர்களும் அந்தக் குழந்தைகளின் காதில் ஒரு சொல்லும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மதத்தின் பக்கம் இவர்கள் சாய்வார்கள், எந்தக் கலிமா, அதாவது நம்பிக்கை வாசகம், முதலில் வாயில் வரும் என்று பார்க்கவே, குறிப்பாக அந்த ஹதீஸ் உண்மையா என்று அறியவே இது செய்யப்பட்டது என்கிறார் பதாயூனி. மூன்று நான்கு ஆண்டுகளில் அத்தனை குழந்தைகளும் ஊமையாகவே வெளிப்பட்டார்கள். சிலர் அதற்குள் மண்ணுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்குக் ‘குங் மஹல்’ என்று பெயர் நின்றுவிட்டது. ஊமைகளின் மாளிகை.

அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்ல் இதே செய்தியை வேறு விதமாகத் தருகிறார். பேச்சு கேள்வியால் வருவது என்று பேரரசர் கருதினார், அதை நம்பாதவர்களுக்கு நிரூபிக்கவே இந்த ஏற்பாடு என்பது அவர் கூற்று. பதாயூனி அக்பரின் சமயப் போக்கை வெறுத்தவர், அபுல் ஃபஸ்ல் அதைக் கொண்டாடியவர். ஆகவே நோக்கத்தில் இருவரும் வேறுபடுவது வியப்பில்லை. விளைவில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். 1582-இல் அக்பர் அங்கே போனபோது அந்தக் குழந்தைகளிடமிருந்து ஊமைச் சத்தத்தைத் தவிர எதுவும் வரவில்லை.

இது ஒரு கொடுமை. அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு மனமில்லை. தாய்க்குக் காசு கொடுத்துக் குழந்தையை வாங்கி, அதன் காதை நான்கு ஆண்டு பட்டினி போட்டு, கடைசியில் கிடைத்தது என்ன? ஹதீஸ் பொய் என்றும் ஆகவில்லை, மெய் என்றும் ஆகவில்லை. பேச்சே வராத குழந்தையிடம் கலிமாவை எப்படித் தேடுவது? மனிதனிடமிருந்து மனிதர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவனுடைய இயல்பு என்று நினைத்ததுதான் அந்தச் சோதனையின் அடிப்படைப் பிழை. தாயின் குரலைக் கேட்பதே குழந்தையின் இயல்பு. அதை நீக்கியபோது இயல்பே போய்விட்டது.

அக்பருக்கு நானூறு ஆண்டு முன்பே இதே சோதனையைக் கற்பனையில் செய்து பார்த்தவர் இப்னு துஃபைல். 1185-இல் மறைந்த அந்தலூசிய மருத்துவர், தத்துவ அறிஞர். அவருடைய ‘ஹய்யு பின் யக்ளான்’ என்ற கதையில், இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த ஒரு தீவில், ஒரு பெண்மான் பாலூட்டி வளர்க்கும் குழந்தைதான் நாயகன். நம் கடலுக்கு உறவான ஒரு தீவு என்று சொல்லிக்கொள்ளலாம். மான் இறக்கிறது. அழைத்துப் பார்க்கிறான், எழவில்லை. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், எதிலும் பழுது தெரியவில்லை. உள்ளே எங்கோதான் தடை இருக்க வேண்டும் என்று கூரிய கல்லாலும் காய்ந்த நாணல் துண்டாலும் அதன் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிறான். அங்கே ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. இங்கே இருந்தது எங்கே போயிற்று? தன்னை வளர்த்தது இந்த உடலா, போய்விட்ட அதுவா? இந்தக் கேள்வியிலிருந்து படிப்படியாக ஏறி, யாரும் சொல்லாமலே அவன் படைத்தவனை அறிந்துகொள்கிறான்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது இப்னு தைமிய்யா கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி. ஆனால் இப்னு துஃபைல் நேர்மையான எழுத்தாளர். ஹய்யை அடுத்த தீவுக்கு அனுப்புகிறார். அங்கே வேதமும் சடங்கும் உள்ள மக்கள் வாழ்கிறார்கள். தான் கண்டதை அவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறான். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இவர்களுக்கு இவர்களுடைய சடங்கும் கதையும்தான் சரி, அவற்றைக் கலைக்கக் கூடாது என்று கூறி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். தனியாகக் கண்டடைவது ஆயிரத்தில் ஒருவருக்கு இயலலாம், ஊர் நம்புவது வேறு வழியில் நடக்கிறது என்பதை அந்த ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார். 1671-இல் இந்நூல் இலத்தீனில் வந்தபோது ஐரோப்பிய அறிஞர் பலர் கதையின் முதல் பாதியால் கவரப்பட்டார்கள். எனக்கோ அந்தக் கடைசிப் பகுதிதான் நூலின் உயிர் என்று படுகிறது.

குங் மஹலின் கொடுமையும் வேண்டாம், கதையும் வேண்டாம், நிஜத்தில் பேச்சில்லாமல் வளர்ந்த யாராவது தம் நினைவைச் சொல்லியிருக்கிறார்களா? இருவர் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் செவித்திறன் இல்லாத அமெரிக்கர்கள். பின்னாளில் எழுத்தும் சைகை மொழியும் கற்று ஆசிரியர்களானவர்கள். அவர்களுடைய நினைவுகளை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எடுத்து எழுதினார். ஒருவர் மெல்வில் பாலார்டு. எழுத்துக் கற்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பு, சிறுவனாக வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, இந்த உலகம் எப்படி வந்தது, முதல் மனிதன், முதல் விலங்கு, முதல் செடி எங்கிருந்து வந்தன என்ற எண்ணம் தனக்குள் எழுந்ததாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை, விட்டுவிட்டார், மறுபடி யோசித்தார். மற்றவர் கலிபோர்னியாவில் வளர்ந்த தியோஃபிலஸ் தெஸ்த்ரெயா. அவருக்கு நிலா உயிருள்ளதாகத் தெரிந்தது. தன்னைப் பின்தொடர்ந்து வருகிறது, தன்னைக் கவனிக்கிறது என்று நினைத்தார். மலைக்கு அப்பால் வலிமை மிகுந்த ஒரு பெரிய மனிதன் இருந்துகொண்டு சூரியனைப் பந்துபோல எறிந்து பிடிக்கிறான் என்றும் எண்ணினார்.

பெரியவரான பிறகு சொன்ன சிறுவயது நினைவை எவ்வளவு நம்பலாம் என்று தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் பாலார்டின் கதை மீது ஐயம் எழுப்பினார். அந்த ஐயம் நியாயமானது. அதையும் கழித்துக்கொண்டு பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது என்று நினைக்கிறேன். யாரும் சொல்லித்தராமல் பாலார்டுக்குக் கேள்வி வந்தது, பதில் வரவில்லை. தெஸ்த்ரெயாவுக்குப் பதில் வந்தது, அது ஒரு பெரிய ஆள். ஒருவருக்கும் வேதம் வரவில்லை, தொழுகை வரவில்லை, இதைச் செய் இதைச் செய்யாதே என்ற கட்டளை வரவில்லை.

இப்போதைய ஆய்வுகளும் இந்தக் கோட்டுக்கு அருகில்தான் வருகின்றன. டெபோரா கெலமன் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாறை ஏன் கூராக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டார். துகள் துகளாகச் சேர்ந்து காலப்போக்கில் அப்படி ஆயிற்று என்ற பதிலைவிட, விலங்குகளுக்கு அரிப்பெடுத்தால் தேய்த்துக்கொள்ள என்ற பதிலே பிள்ளைகளுக்குப் பிடித்தது. எதற்கும் ஒரு ‘எதற்காக’ இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் மனத்தின் போக்கு. ஜெஸ்ஸி பெரிங் என்பவரும் அவருடைய ஆசிரியரும் 2004-இல் பொம்மலாட்டம் காட்டினார்கள். ஒரு சுண்டெலியை முதலை விழுங்கிவிடுகிறது. எலிக்கு இனிச் சாப்பாடு வேண்டுமா, அதன் மூளை வேலை செய்யுமா என்று கேட்டால் இல்லை என்கிற குழந்தைகள், அதற்கு அம்மாமேல் இன்னும் பாசம் இருக்குமா என்று கேட்டால் இருக்கும் என்றார்கள். இத்தகைய முடிவுகளைத் திரட்டி, ஜஸ்டின் பாரெட் போன்றோர் குழந்தைகள் பிறவியிலேயே நம்புகிறவர்கள் என்று எழுதினார்கள்.

அவ்வளவு விரைவில் முடிவுகட்ட வேண்டாம். மடகாஸ்கரின் வெசோ மீனவர்களிடையே நெடுங்காலம் இருந்து ஆராய்ந்த ரீத்தா அஸ்தூதி, பால் ஹாரிஸுடன் சேர்ந்து 2008-இல் வேறொரு படத்தைக் காட்டினார். அங்கே ஏழு வயதுப் பிள்ளைகள் செத்தவனுக்கு எல்லாமே நின்றுபோயிற்று என்று தெளிவாகச் சொல்கிறார்கள். வயது ஏற ஏற, கல்லறைச் சடங்குகளைப் பார்க்கப் பார்க்கத்தான் மூதாதையர் கேட்கிறார்கள், நினைக்கிறார்கள் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. அதிலும், பிணத்தைப் பற்றிய கதையைச் சொல்லிக் கேட்டால் ஒரு பதில், கல்லறைச் சடங்கைப் பற்றிய கதையைச் சொல்லிக் கேட்டால் வேறு பதில். அமெரிக்காவில் கேத்லீன் காரிவோவும் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்விலோ, மதச் சூழலில் வளராத ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் அற்புதக் கதைகளின் நாயகர்களைக் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். மதச் சூழலில் வளர்ந்தவர்கள் நிஜம் என்றார்கள். நம்பிக்கை தானாகப் பொங்குவதென்றால் இந்த வேறுபாடு எப்படி வரும்?

நம் தாமிரபரணி (பொருநை) ஆற்றங்கரையிலேயே இந்த இரட்டைப் பதிலுக்கு மிகப் பழைய ஒரு தடயம் உண்டு. சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. கதிரியக்கக் கரிமக் கணக்கில் அது ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை என்று 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலும் இறந்தவருக்கென்று வைத்த பொருள்கள் உண்டு. அந்த நெல்லை வைத்த கை, செத்தவருக்குப் பசிக்கும் என்று நம்பியதா? அல்லது வாழ்நாளெல்லாம் சோறு போட்ட கை, கடைசியாக ஒருமுறை போட்டதா? நெல்மணி பதில் சொல்லாது. வெசோ மக்களைப் போலவே அந்தப் பொருநைக் கரைக்காரரும் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சான்று, இதே சீமையின் மணற்காட்டிலிருந்து. இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1849-இல் நாடார் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னாளில் அந்தச் சமூகத்தாரிடமே கடுமையான எதிர்ப்பைச் சந்தித்த நூல். அதில் ஒரு செய்தி. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டையைப் பிடித்த சண்டையில் படுகாயமுற்று இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியை அங்கிருந்து இருபத்தைந்து மைல் தொலைவில் ஒரு மணற்பரப்பில் புதைத்தார்கள். சில காலம் கழித்து அக்கம்பக்கத்து மக்கள் அவரைத் தெய்வமாக வைத்து வழிபட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். உயிரோடிருந்தபோது துரை எதை விரும்பினாரோ அது. இந்தச் செய்தி லண்டனுக்குப் போய், 1871-இல் வெளியான எட்வர்ட் டைலரின் பெருநூலில் மதத்தின் தோற்றத்துக்கு ஒரு சான்றாக இடம்பெற்றது. உலகெங்கும் மானுடவியல் படித்தவர்கள் திருநெல்வேலி மணலில் வைத்த அந்தச் சுருட்டைப் பற்றிப் படித்திருக்கிறார்கள்.

கால்டுவெல் இதை எழுதியது ஏளனமாக. அந்த ஏளனத்தை நான் ஏற்கவில்லை. நம் சீமையில் தெய்வமான மனிதர்களின் கதைகளை வில்லுப்பாட்டில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவர்கள் அநியாயமாகச் செத்தவர்கள்: வஞ்சித்துக் கொல்லப்பட்டவர், கர்ப்பிணியாக மாண்டவள், காதலுக்காக வெட்டுப்பட்டவர். முறையாக முடியாத ஒரு வாழ்க்கை ஊருக்கு வெளியே அப்படியே கிடப்பதை மக்கள் மனம் பொறுப்பதில்லை. சொந்தபந்தம் ஒருவரும் இல்லாமல் அந்நிய மணலில் கிடந்த அந்தத் துரைக்கும் அந்த மக்கள் ஒரு பங்கு வைத்தார்கள். தங்களை ஆண்டவர்களின் படைக்காரன் என்று பார்க்காமல், நாதியற்றுச் செத்தவன் என்று பார்த்தார்கள். அதற்கு யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

சாய்வு என்று ஒன்று பிறவியில் இருப்பதாக நான் நம்புவது இதனால்தான். ஆனால் கால்டுவெல் எழுதும்போதே அந்த வழிபாடு அண்மைக்காலம் வரை நடந்தது என்று கடந்தகாலத்தில்தான் சொல்கிறார். ஒரு தலைமுறையில் முளைத்தது, ஒரு தலைமுறையில் போயிற்று. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டி இல்லை, ஏடு இல்லை, அதன் பேரில் ஒரு மடமோ பள்ளியோ இல்லை.

காயலின் செய்தி வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதிவைத்த துறைமுகம், குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற கரை, இந்தத் தாமிரபரணி முகத்துவாரம்தான். ஆறு தள்ளிப்போயிற்று, கடல் தள்ளிப்போயிற்று, பாண்டியர் போனார்கள், போர்த்துக்கீசியர் வந்து போனார்கள். நம்பிக்கை போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தது?

இந்த ஊர் அதற்காக உழைத்தது. அரபு எழுத்தில் தமிழ் ஒலிகள் சிலவற்றுக்கு இடமில்லை. எழுத்தில்லை என்று விட்டுவிடாமல், இருக்கும் அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு வடிவம் செய்தார்கள். அரபுத்தமிழ் பிறந்தது. குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு சிறுமி தமிழ் எழுத்தே படிக்காவிட்டாலும் தன் தாய்மொழியில் மார்க்கத்தைப் படிக்க முடிந்தது அதனால்தான். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் அந்தச் சிறுமியை நினைத்த ஒரு மனம் இருக்கிறது. இவ்வூரில் பிறந்த சதக்கத்துல்லா அப்பா (மறைவு 1703) அரபியில் பெரும்புலமை பெற்றவர்; உமறுப்புலவர் சீறாப்புராணத்துக்கு மூலக் கருத்துகளைப் பெற்றது அவரைச் சார்ந்த வட்டத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற இமாமுல் அரூஸ் (1816–1898) அரபுத்தமிழில் எழுதியவை இங்கும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வீடுவீடாக ஓதப்பட்டன.

வரகவி காசிம் புலவரை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து திருச்செந்தூர் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அருணகிரிநாதரின் சந்தம் அந்தக் கடற்கரையெங்கும் முழங்கிக்கொண்டிருந்தது. காசிம் புலவர் அதே சந்தத்தில் நபிகள் நாயகம் (ஸல்) மீது திருப்புகழ் பாடினார். தத்தன தனதன என்று கால் தாளம் போடப் பழகிய ஒரு காது, முருகன் மீதானாலும் முஹம்மது நபி மீதானாலும் அதே இடத்தில் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் பொதுச்சொத்து. யார்மீது பாடுவது, எதை நம்பிப் பாடுவது என்பது ஒருவர் முடிவெடுத்து, கற்று, பாடுபட்டுச் செய்தது. என் கருத்தைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் முழுதாகக் கிடைக்கும் முதல் இஸ்லாமியக் காப்பியம் எது? 1572-இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’. மசலா என்றால் கேள்வி. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார், நபிகள் நாயகம் விடை சொல்கிறார்கள். ஆயிரம் கேள்விகளோடு ஒரு சமய இலக்கியம் நம் மொழியில் கணக்கைத் தொடங்கியிருக்கிறது. பாலார்டுக்குத் தனியாக வந்த கேள்விகளை ஒத்தவை அதில் ஏராளம். கேள்வி தனியாக வரும். விடையோடு வாழ ஒரு சபை வேண்டியிருக்கிறது.

இந்த உழைப்பில் பெண்களின் பங்கைப் பற்றிப் பேசாவிட்டால் நான் வந்ததற்குப் பொருளில்லை. இங்கே திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகள் தாய் வீட்டிலேயே இருக்கிறாள், அவள் மகளும் அங்கேயே. பாட்டி, தாய், மகள் என்று ஒரே கூரையின் கீழ் ஓதல் கைமாறுகிறது. வீட்டுக்குப் பின்னால் பெண்கள் நடந்துபோக முடுக்குகள், அவர்கள் கூடுவதற்கென்றே தைக்காக்கள். தாலாட்டும் முனாஜாத்தும் மசலாவும் கிஸ்ஸாவும் அச்சேறுவதற்கு முன்பும் பின்பும் அவர்கள் வாயில்தான் வாழ்ந்தன. வேறு பல ஊர்களில் பெண் புகுந்த வீடு போகும்போது அறுந்துபோகிற ஒரு சங்கிலி இங்கே அறாமல் இருந்திருக்கிறது. இவ்வூர் நம்பிக்கையின் உறுதிக்குப் பள்ளிவாசல் மினாராக்கள் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்த வீட்டுக் கூடங்கள் என்பது என் துணிபு.

பக்கத்துக் கரையிலும் இதே கதைதான். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவர் ஞானஸ்நானம் பெற்று ஆறேழு ஆண்டு ஆகியிருந்தும் ஒரு மந்திரமும் தெரியாமல் இருந்தார்கள். அவர் என்ன செய்தார்? செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்களை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவருக்குப் பின் வந்த அன்ரிக் அடிகளார் தமிழிலேயே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று, 1586-இல் இதோ அருகிலுள்ள புன்னைக்காயலில் அடியார் வரலாறு அச்சாயிற்று. ஒரே உப்புக்காற்றில் இரண்டு சமயங்கள், இரண்டும் பிள்ளைகளின் நாவில் வேர் பிடித்தன.

எல்லாம் சரி, நம்பாதவர்களை என்ன செய்வது? மனிதனின் இயல்பு நம்புவது என்று சொல்லிவிட்டால் நம்பாதவர் இயல்பு திரிந்தவர் என்று ஆகிவிடும். இந்த வாதத்தின் ஆபத்தான மூலை இதுதான். நம் மரபு அவர்களை அப்படி நடத்தவில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை வரிசையாகச் சந்திக்கிறாள், அதில் பூதவாதியும் ஒருவன். ஆத்திப்பூவும் கருப்பங்கட்டியும் சேர்ந்தால் மயக்கம் பிறப்பதுபோல் பொருள்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்று வாதிடுகிறான். காப்பியம் அவனை மறுக்கிறது, ஆனால் பேசவிட்டு மறுக்கிறது. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தை அறிந்த நாடு இது. பெரியார் பேசாத ஊர் குறைவு.

அந்த நாட்டில்தான் 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர். அவருடைய இறைமறுப்புக் கருத்துகளே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. இந்த மேடையில் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேசி முடிப்பது எனக்குக் கோழைத்தனமாகப் படும். இப்னு அப்துல் பர் சொன்ன அந்தக் குறையற்ற முழுமையில்தான் ஃபாரூக்கும் பிறந்தார். அவருக்கும் கேள்வி வந்தது. அவர் கண்ட விடை உங்கள் விடையாக இல்லாமல் போகலாம். விடை தேடுவது மனித இயல்பு என்றால் அவர் அந்த இயல்பில்தான் நின்றார். அதேபோல, நம்புகிறவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒரு வரியில் ஒதுக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் எழுத்தைத் திருத்தி, சந்தம் கற்று, பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எதையும் யோசிக்காமல் செய்தார்கள் என்று நினைப்பது அவர்களை அறியாமல் பேசுவது.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடமும் கல்லூரி மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள். வீடுகளின் மரப்பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துச் சுவடிகள் இன்னும் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவற்றைப் படமெடுத்து வையுங்கள். அத்தோடு, வீட்டு மூத்த பெண்களிடம் உட்கார்ந்து, இந்த பைத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஹதீஸ்களுக்கு அறிவிப்பாளர் வரிசை இருப்பதுபோல் அந்தப் பெண்களின் வரிசை ஒன்றும் நமக்கு வேண்டும். ஓதல் பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளைகள் ஆலிமிடமும் உம்மாவிடமும் கேட்கிற கேள்விகளையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அல்லாஹ் எங்கே இருக்கிறான், செத்துப்போன பூனைக்கு வலிக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். விடையை எழுதவேண்டாம், கேள்வியை மட்டும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். கெலமனும் அஸ்தூதியும் அமெரிக்காவிலும் மடகாஸ்கரிலும் செய்ததைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்வதற்கு அந்த நோட்டுதான் முதல் படி.